சாடிக்குள் மண்புழு விடலாமா? நான் விட்டவை மூன்று நாளில் செத்துப்போயின

பரந்தன் மல்லிகை | 14 ஓகஸ்ட்

வணக்கம். நான் பரந்தனில் வாடகை வீட்டில் இருக்கிறேன். முற்றம் முழுக்கச் சீமெந்து. அதனால் தோட்டம் எல்லாம் சாடியிலும் பழைய பெயின்ற் வாளியிலும்தான். மிளகாய் ஒன்பது, கத்தரி நாலு, ஒரு தேசி, ஒரு கறிவேப்பிலை, இரண்டு மல்லிகை.

இரண்டு வருடமாக அதே மண். இப்போது இறுகிக் கல்லாகிவிட்டது. தண்ணீர் ஊற்றினால் மேலே கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு சாடியின் ஓரத்தால் இறங்கி அடித்துளையால் ஓடிவிடும். குச்சியால் குத்திப் பார்த்தால் நடுமண் பொரிந்துபோய்க் கிடக்கிறது. மண்புழு விட்டால் மண் இளகும் என்று பலர் சொன்னதால், போன கிழமை முரசுமோட்டையில் மாமாவின் வாழைத் தோட்டத்துக்குப் போய் வாய்க்கால் ஓரமாகக் கொத்தி அறுபது புழு வரை எடுத்துவந்தேன். நீளமான, சாம்பல் கலந்த மண்ணிறப் புழுக்கள். சாடிக்கு ஐந்தாறாகப் பிரித்து விட்டேன்.

மூன்றாம் நாள் விடியப் பார்த்தால் சீமெந்து நிலமெல்லாம் புழு. சில, கறுத்துச் சுருங்கி நூல் துண்டு போல ஒட்டிக் கிடந்தன. சிலவற்றை எறும்பு இழுத்துக்கொண்டு போகிறது. மனம் கேட்கவில்லை. ஒரு கத்தரிச் சாடியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் இரண்டு புழு தம்மைத் தாமே முடிச்சுப் போட்டதுபோல் உருண்டை உருண்டையாகக் கிடந்தன. தொட்டால் மெல்ல அசைகின்றன, ஆனால் விரியவில்லை.

நான் எங்கே பிழை விட்டேன்? மிஞ்சிய சாடிகளில் உள்ளவற்றைத் திரும்ப மாமாவின் தோட்டத்திலேயே விட்டுவிடவா? பக்கத்து வீட்டு அம்மா, புழு வேரைத் தின்னும் என்றும் சொல்கிறார். அது உண்மையா?


குளக்கட்டு | 14 ஓகஸ்ட்

பிள்ளை, நான் அக்கராயன் பக்கம். நாற்பது வருடமாக வயலும் தோட்டமும்தான்.

முதலில் வேர்க் கதையை விடும். மண்புழுவுக்குப் பல் இல்லை. உயிரோடு இருக்கிற வேரை அது கடிக்காது. உக்கின இலை, செத்த வேர், சாணம், அதோடு சேர்த்து மண், இவ்வளவுதான் அதன் சாப்பாடு. வேர் தின்கிற வெள்ளைப் புழு வேறு. அது வண்டின் குடம்பி, கால் இருக்கும், வளைந்து கிடக்கும். சாணக் குப்பையோடு சாடிக்குள் வந்துவிடும். அதைத்தான் அந்த அம்மா பார்த்திருப்பார்.

நீர் கொண்டுவந்தது நிலத்துப் புழு, நாங்கள் சின்னனில் நாக்கிளிப்புழு என்று சொல்லித் தூண்டிலில் கொளுவினது. பழைய தமிழில் நாங்கூழ் என்பார்கள். அதன் சீவியம் மேலுக்கும் கீழுக்கும் போய்வருகிறதுதான். மாரியில் மண்வெட்டி போட்ட இடமெல்லாம் கிடைக்கும். சோளகம் வீசத் தொடங்கி நிலம் வெடித்தால் மேலே ஒன்றைக் காணமுடியாது, எல்லாம் ஈரத்தைத் தேடிக் கீழே போய்விடும். உமக்குக் கிடைத்ததுகூட வாய்க்கால் ஈரம் இருந்தபடியால்தான். சாடியில் அது எங்கே போகும்? ஒரு முழ ஆழம் கூட இல்லை. கீழே போனால் பிளாஸ்டிக், பக்கத்தில் போனால் வெயில் சுடுகிற சுவர். வழி இல்லாமல்தான் இரவில் மேலே ஏறி வெளியே விழுந்திருக்கிறது.

மிஞ்சினவற்றை விடியப்புறமாகக் கொண்டுபோய் அதே வாய்க்கால் ஓரத்தில் விட்டுவிடும். வெயில் ஏறின பிறகு விடவேண்டாம்.


மண்வாசம் | 14 ஓகஸ்ட்

ஐயா சொன்னது முழுக்கச் சரி. நான் அறிவியல் நகர் விவசாய பீடத்தில் படித்தவள், அதனால் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன்.

மண்புழுக்கள் வாழும் இடத்தை வைத்து மூன்று கூட்டம். ஒன்று, மேலே கிடக்கும் குப்பையிலும் சாணத்திலுமே வாழ்வது. சின்னதாக, சிவப்பாக இருக்கும், மண்ணுக்குள் ஆழமாகத் துளைக்காது. இரண்டாவது, மேல்மண்ணுக்குள்ளேயே கிடையாகத் துளைத்து மண்ணைத் தின்பது. வெளிறிய நிறம். மூன்றாவது, ஆழமாக நேர்க்குழி தோண்டி, இரவில் மேலே வந்து சருகை இழுத்துக்கொண்டு போவது. எங்கள் பக்கத்து வயலிலும் தென்னிந்தியாவிலும் சாதாரணமாகக் காணப்படும் லம்பிட்டோ மொரிட்டி என்பதை இந்த மூன்றாவது கூட்டத்தில் சேர்ப்பார்கள். சாடி போன்ற இடத்தில் தாக்குப்பிடிக்கக்கூடியது முதல் கூட்டம் மட்டும்தான்.

உருண்டையாகக் கிடந்த இரண்டும் நோய்ப்பட்டவை அல்ல அக்கா. ஈரம் குறைந்தால் சில இனங்கள் சின்ன அறை செய்து, உள்ளே சளியைப் பூசி, சுருண்டு உறங்கிவிடும். மழை வரும் வரை சாப்பாடும் இல்லை, அசைவும் இல்லை. எங்கள் கோடையை அவை தாண்டுவது அப்படித்தான். அவற்றை நூல் மாதிரி விரித்துப் பார்க்காதீர்கள், அப்படியே ஈர மண்ணோடு அள்ளிக்கொண்டு போங்கள்.

வெளியே வந்தவை ஏன் செத்தன? மண்புழுவுக்கு நுரையீரல் இல்லை, தோலால்தான் மூச்சு. தோல் ஈரமாக இருக்கும்வரைதான் காற்றிலுள்ள ஒட்சிசன் உள்ளே போகும். உடம்பில் ஏறத்தாழ 80 வீதம் தண்ணீர். இரவில் சீமெந்தில் ஈரம் இருக்கும்போது ஏறி வந்துவிடும், விடிந்து நிலம் காயத் தொடங்கினால் திரும்பிப் போக முடியாது.


மல்லாவிப் பெடியன் | 15 ஓகஸ்ட்

அக்கா, மனம் விடவேண்டாம். சாடியில் புழு வளர்க்கலாம். நான் வளர்க்கிறேன்.

2021 இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தின நேரம் எங்கள் வீட்டில் ஒரு கிலோ யூரியா கூட இல்லை. அப்பா மிளகாய்த் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பார். நவம்பரில் தடையைத் திரும்ப எடுத்தார்கள்தான், ஆனால் அதற்குள் நான் மண்புழு உரத்துக்கு மாறிவிட்டேன். என்னிடம் இருப்பது இரண்டு இனம். ஒன்று சிவப்புப் புழு, ஐசீனியா ஃபெட்டிடா. மற்றது ஆபிரிக்கப் புழு, யூட்ரிலஸ் யூஜீனியே. சிவப்புப் புழுவுக்கு 15 முதல் 25 பாகை வரை சுகம், 35 ஐத் தாண்டினால் சாகும். ஆபிரிக்கப் புழு 25 முதல் 30 வரை நன்றாகப் பெருகும். எங்கள் வெயிலுக்கு ஆபிரிக்கன்தான் தோது என்பது என் அனுபவம்.

சாடி என்றால் சின்னச் சாடி இல்லை அக்கா. நான் 200 லீற்றர் பிளாஸ்டிக் பரலைக் குறுக்கே வெட்டி இரண்டாக்கி, அடியில் எட்டு ஒன்பது துளை போட்டேன். நடுவில் நாலு அங்குல பீவீசி குழாய், கீழ்ப்பாதி முழுக்கச் சுண்டுவிரல் அளவு துளை. மரக்கறித் தோல், வாழைத்தோல், தேயிலைச் சக்கை எல்லாம் அந்தக் குழாய்க்குள்தான் போடுவேன். புழு மண்ணிலிருந்து குழாய்க்குள் வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்ப மண்ணுக்குள் போகும். எச்சம் வேரடியில் விழும். குழாய் வாயைச் சிரட்டையால் மூடிவிடுவேன், இல்லையென்றால் இலையான் வரும். ஒரு பரலில் வெண்டி, மற்றதில் பப்பாசி.

புளிப்பான தேசிக்கோது, மிளகாய், கறிச்சட்டி கழுவின எண்ணெய்த் தண்ணீர், உப்புப் போட்ட எதுவும் போடக்கூடாது. புதுச் சாணமும் கூடாது. அது உக்கும்போது சூடாகும், அமோனியா மணம் கிளம்பும், புழு அவிந்துவிடும். இரண்டு மூன்று கிழமை நிழலில் ஆறப்போட்ட சாணம்தான் சரி.


குளக்கட்டு | 15 ஓகஸ்ட்

தம்பி, நீர் செய்கிறது நல்ல வேலை. ஆனால் உம்முடையது சாடி இல்லை, செடி நட்ட புழுத்தொட்டி. பிள்ளையிடம் இருக்கிறது பெயின்ற் வாளி. பத்து லீற்றர் மண்ணுக்குள் ஒரு மிளகாயும் இருபது புழுவும் இருந்தால் புழுவுக்குச் சாப்பாடு எத்தனை நாளைக்கு? மண்ணில் உள்ள உக்கலை முதல் ஒன்றிரண்டு மாதத்தில் தின்று முடித்துவிடும். மண் மட்டம் நாலு விரல் இறங்கும், வேர் வெளியே தெரியும். பிறகு புழு பட்டினி. அது சாவதைப் பார்க்கவா அதைக் கொண்டுவருகிறோம்?

என் எண்ணம் இதுதான்: புழுவை வேறாக வளர்க்க வேண்டும், சாடிக்கு அதன் எருவை மட்டும் போட வேண்டும்.


நந்திக்கடல் | 17 ஓகஸ்ட்

நான் முல்லைத்தீவுக் கரைப்பக்கம். எனக்கு இரண்டு தரம் முழுப் புழுவும் செத்தது. காரணம் உப்பு.

எங்கள் கிணறு கோடையில் உவர்க்கும். வாயில் வைத்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் சாடியில் தண்ணீர் ஆவியாகிப் போக உப்பு மட்டும் தங்கும், நாளுக்கு நாள் கூடும். சாடி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது அந்த உப்புத்தான். மண்புழுத் தோல் உப்பைத் தாங்காது. இரண்டாம் தரம் பிழை விட்டது தும்புத்தூளில். மலிவாக மூட்டையாகக் கொண்டுவந்து அப்படியே கலந்துவிட்டேன். தும்புத்தூளிலும் உப்பு இருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது உரப்பையில் கட்டி மூன்று நாள் ஊறவைத்து, நாளுக்கொரு தரம் தண்ணீரை மாற்றிப் பிழிந்துதான் எடுக்கிறேன். மாரியில் பீலித் தண்ணீரைப் பரலில் பிடித்து வைக்கிறேன், புழுத்தொட்டிக்கு அது மட்டும்தான்.

ஒரு கேள்வி. என் சாடிகள் தண்ணீர் மோட்டருக்குப் பக்கத்தில் இருந்தவை. அந்தச் சத்தத்துக்கும் புழு வெளியே வந்ததற்கும் தொடர்பு இருக்குமா?


மண்வாசம் | 17 ஓகஸ்ட்

இந்தக் கேள்விக்கு 1881 இலேயே விடை இருக்கிறது. சாள்ஸ் டார்வின் மண்புழுவைப் பற்றி எழுதிய புத்தகம் அந்த ஆண்டு வந்தது, அவர் இறப்பதற்கு முந்திய ஆண்டு. அவர் மண் நிரப்பிய சாடிகளில் புழுக்களைத் தன் படிப்பறையிலேயே வைத்து வளர்த்தார். விசில் ஊதிப் பார்த்தார், பாசூன் என்ற குழல் வாத்தியத்தை வாசிக்கச் செய்தார், பக்கத்தில் பியானோ வாசிக்கச் செய்தார். புழு அசையவில்லை, அதற்குக் காது இல்லை. பிறகு அந்தச் சாடிகளைப் பியானோவுக்கு மேலேயே வைத்து ஒரு கட்டையை அழுத்தியதும் புழுக்கள் சட்டென்று குழிக்குள் போய் ஒளிந்தன. காற்றில் வரும் சத்தம் தெரியாது, சாடி வழியாக வரும் அதிர்வு தெரியும்.

ஆக, மோட்டர் அதிர்வு புழுவுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அதனால்தான் வெளியே வந்தது என்று சொல்ல முடியாது. உங்கள் சாடியில் உப்புத்தான் காரணமாக இருக்கும். இருந்தாலும் சாடியை மோட்டருக்குத் தள்ளி வைப்பது நல்லது, அதிர்ந்துகொண்டே இருந்தால் அவை ஒழுங்காகச் சாப்பிட வரமாட்டா.

எருவை மட்டும் போடலாம் என்ற ஐயாவின் கருத்தோடு நானும். ஆனால் அளவு முக்கியம். மண்புழு எரு நல்லது என்பதற்காகச் சாடியை அதனாலேயே நிரப்பக்கூடாது. அது மிக நுண்ணியது, தனியாகப் போட்டால் படிந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், வேருக்குக் காற்று போகாது. ஐந்து பங்கு மண் கலவைக்கு ஒரு பங்கு எரு போதும். சாடியில் புழுவே அளவுக்கு மேல் பெருகினாலும் இதே கதைதான். அடித்துளை எச்சத்தால் அடைபடும், அல்லது ஊற்றிய தண்ணீர் குழி வழியாக நேரே இறங்கிப்போகும்.

இன்னொன்று. மண்வெட்டி பட்டு இரண்டு துண்டானால் இரண்டு புழுவாகும் என்பது பிழை. தலைப்பக்கம் பிழைத்தால் பிழைக்கும், வால்பக்கம் செத்துவிடும். பிள்ளைகள் அப்படி வெட்டிப் பார்ப்பதைக் கண்டால் சொல்லிக்கொடுங்கள்.


பனிக்காட்டில் | 18 ஓகஸ்ட்

நான் புதுக்குடியிருப்பு, இப்போது கனடா. இங்கே குளிரில் வீட்டுக்குள் கறிவேப்பிலைச் சாடி வைத்திருக்கிறேன். மண் சூடாகும் பிரச்சினையே இல்லை, சிவப்புப் புழு பத்து விட்டேன், மூன்று வருடமாக இருக்கின்றன. மாதம் ஒருமுறை தேயிலைச் சக்கையும் இடித்த முட்டைக்கோதும் போடுவேன். ஆனால் சாடி மண்ணை வெளியே காட்டுப்பக்கம் கொட்டமாட்டேன். இந்தப் பகுதிக் காடுகளில் பனியுகத்துக்குப் பிறகு மண்புழுவே இருக்கவில்லை. தூண்டிலுக்குக் கொண்டுவந்து மிச்சத்தைக் கரையில் கொட்டியதால் பரவி, காட்டின் சருகுப் படையைத் தின்று தீர்க்கின்றன. ஊரில் நாங்கள் தேடித் தேடிச் சேர்க்கும் உயிர் இங்கே காட்டுக்குப் பாரம். ஊர்க்காரர் நீங்கள் புழுவைப் பற்றி இப்படிக் கவலைப்படுவதை வாசிக்க எனக்குக் கண் கலங்குகிறது.


பரந்தன் மல்லிகை | 9 செப்டெம்பர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. மிஞ்சினவற்றை அடுத்த நாள் விடிய ஐந்தரைக்கே கொண்டுபோய் வாய்க்கால் ஓரத்தில் விட்டேன். பதினேழு இருந்தன. உருண்டையாகக் கிடந்த இரண்டையும் மண்ணோடு புதைத்தேன்.

பிறகு மல்லாவித் தம்பி ஒரு ஐஸ்கிறீம் டப்பாவில் ஈரத் தும்போடு ஆபிரிக்கப் புழு அனுப்பிவைத்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அதை மூன்றாகப் பிரித்தேன். ஒரு பங்கு வெயில் படும் மிளகாய் வாளிக்கு, ஒரு பங்கு மாமர நிழலில் உள்ள பெரிய தேசிச் சாடிக்கு, மிச்சம் கிணற்றடியில் ஒரு பழைய மீன்பெட்டிக்கு.

வெயில் வாளியில் ஐந்தாம் நாளே எல்லாம் முடிந்துவிட்டது. அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு வாளியின் மேற்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், பத்து எண்ணும் வரை வைத்திருக்க முடியவில்லை. கறுப்பு வாளி. பக்கத்திலிருந்த மண்சாடியைத் தொட்டால் குளிர்மை. அந்த வாளிக்குள் இவ்வளவு காலமும் மிளகாய் வேரும் அதே சூட்டைத்தான் தாங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. புழு செத்ததால்தான் எனக்கு அது தெரியவந்தது. இப்போது எல்லா வாளிக்கும் ஈரச் சாக்குச் சுற்றி, மேற்குப் பக்கமாகக் கிடுகு சாத்தியிருக்கிறேன்.

தேசிச் சாடியில் புழு இருக்கிறது. மேலே மூன்று விரல் தடிப்புக்குப் பூவரசஞ் சருகு போட்டிருக்கிறேன். விலக்கிப் பார்த்தால் அடியில் ஈரமும் அங்கங்கே கறுப்புக் குருணியும். மீன்பெட்டிதான் எல்லாவற்றிலும் நன்றாக இருக்கிறது. ஆனால் எறும்பு வருகிறது. என்ன செய்யலாம்? மருந்து அடிக்க மனம் இல்லை.


மல்லாவிப் பெடியன் | 9 செப்டெம்பர்

மருந்து வேண்டவே வேண்டாம் அக்கா. கார்பரில் மாதிரி எறும்புக்கும் பூச்சிக்கும் போடும் தூள்கள் மண்புழுவுக்குக் கொடிய நஞ்சு. செம்பு கலந்த பூஞ்சண மருந்தும் மண்ணில் தங்கித் தங்கிப் புழுவை ஒழித்துவிடும். பெட்டியை நாலு செங்கல்லின் மேல் ஏற்றி, ஒவ்வொரு கல்லையும் தண்ணீர் ஊற்றிய தட்டுக்குள் வையுங்கள். எறும்பு தாண்டாது.

எறும்பு வந்திருக்கிறது என்றால் பெட்டி காய்கிறது என்றும் அர்த்தம். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி வந்தால் சரி. ஒன்றும் வராவிட்டால் தண்ணீர் தெளியுங்கள். ஒழுகினால் தும்பு சேருங்கள்.

மேலே ஒரு கம்பிவலையும் போடுங்கள். என் முதல் தொட்டியைப் புலுனிக் கூட்டம் ஒன்று ஒரு காலையில் கிளறி முடித்தது. செண்பகமும் விடாது. கோழியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.


பூவரசு | 11 செப்டெம்பர்

ஒட்டுசுட்டானிலிருந்து எழுதுகிறேன். வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், ஒரு விடயம் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

2010 இல் நாங்கள் திரும்பி வந்தபோது காணி முழுக்கப் பற்றை. கண்ணிவெடி பார்த்து முடிக்கும்வரை வீட்டைச் சுற்றிய துண்டுக்கு வெளியே கால் வைக்கக்கூடாது என்றார்கள். அம்மாவுக்குக் கை சும்மா இராது. உடைந்த குடம், அடி போன வாளி, தகரம் என்று கிடந்ததை எல்லாம் பொறுக்கிவந்து, வாசலோரம் ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறி அதன் மேல் வரிசையாக இருத்தி, மண் நிரப்பிக் கத்தரியும் பயற்றையும் வைத்தார். எல்லாம் அடி இல்லாத பாத்திரங்கள். புழுவைப் பற்றி அம்மா யோசிக்கவே இல்லை.

அந்த மாரியில் ஒரு குடத்தை இடம் மாற்ற நிமிர்த்தியபோது அடியில் புழு. ஒன்றிரண்டு இல்லை. யாரும் கொண்டுவந்து விடவில்லை, நிலத்திலிருந்து தாமாகவே ஏறி வந்திருந்தன. மேலே அம்மா போட்ட பழஞ்சோற்றுத் தண்ணீரும் சருகும் அவற்றைக் கூப்பிட்டிருக்கும். தை பிறந்து மண் காயத் தொடங்க அவை கீழே இறங்கிப் போய்விடும். அடுத்த ஐப்பசி மழைக்குத் திரும்பவும் வரும். அம்மா இருந்தவரை அந்தக் குடங்கள் அப்படியே இருந்தன.

தங்கச்சி, உங்கள் வீட்டில் சீமெந்து போடாத இடம் வேலியோரமாகவாவது ஒரு முழம் இருக்காதா? அங்கே நாலு வாளியை அடியை வெட்டி இருத்திப் பாருங்கள்.


குளக்கட்டு | 11 செப்டெம்பர்

பூவரசு தம்பி, இதைத்தான் நான் சொல்ல நினைத்தேன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. புழுவுக்குப் போக வழி இருந்தால் வரவும் வரும். உம்முடைய அம்மா பெரிய மனுசி.

பிள்ளை, வாளியை இருத்த முதல் அந்த இடத்தைக் கொத்தி இளக்கி, ஆறின மாட்டெருவும் சீமைக்கிளுவை இலையும் ஒரு கூடை போட்டு நனைத்துவிடும். இறுகின நிலத்தின் மேல் வைத்தால் புழு ஏறாது. யூரியாக் குருணியை அந்தப் பக்கம் கொண்டுபோகவேண்டாம், அது பட்ட இடத்தில் புழு துடித்துத்தான் சாகும்.


மண்வாசம் | 12 செப்டெம்பர்

அக்கா, தேசியையும் பெரிய மரக்கன்றுகளையும் அடியில்லா வாளிக்கு மாற்ற முதல் யோசியுங்கள். வேரும் நிலத்துக்குள் இறங்கிவிடும், பிறகு வாளியைத் தூக்க முடியாது. வாடகை வீடு என்றபடியால் சொல்கிறேன். கத்தரி, மிளகாய் ஒரு போகத்துப் பயிர், அவற்றுக்குப் பிரச்சினை இல்லை.


பரந்தன் மல்லிகை | 13 செப்டெம்பர்

வீட்டுக்காரரிடம் கேட்டேன். கிணற்றடியிலிருந்து பின்வேலி வரை இரண்டு அடி அகலத்துக்கு மண் இருக்கிறது, பாவியுங்கள் என்றார். நாலு கத்தரியையும் அங்கே மாற்றப்போகிறேன். வாளியின் அடியை வெட்டக் கிறைண்டர் இரவல் வாங்கியாயிற்று.


பரந்தன் மல்லிகை | 6 டிசம்பர்

மழை கொஞ்சம் விட்டிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். பிந்தியதற்கு மன்னிக்கவேண்டும்.

ஐப்பசி நடுப்பகுதியில் மழை பிடித்தது. கார்த்திகையில் ஒருநாள் இரவு முழுக்கக் கொட்டி, விடியப் பார்த்தால் கிணற்றடிப் பக்கம் கணுக்கால் அளவு வெள்ளம். நிலத்துப் புழு எல்லாம் வெளியே வந்து சீமெந்துப் படியில் ஏறிக் கிடந்தன. மண்ணுக்குள் தண்ணீர் நிறைந்தால் ஒட்சிசன் குறையும் என்று வாசித்திருந்தேன், அன்றுதான் கண்ணால் பார்த்தேன். மகனும் நானும் ஒரு சுளகில் பொறுக்கி வேலியோர மேட்டில் விட்டோம். மகனுக்கு ஏழு வயது. முதலில் தொடமாட்டேன் என்றவன், பிறகு ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு பொறுக்கினான்.

வெள்ளம் வடிந்து பத்து நாள் கழித்து, போன ஞாயிறு, காய் முடிந்த ஒரு கத்தரியைப் பிடுங்கினேன். முன்பு சாடியில் பிடுங்கினால் மண் முழுக்கச் சாடி வடிவிலேயே ஒரே கட்டியாக வரும், வேர் சுற்றிச் சுற்றிப் பாய் மாதிரி இருக்கும். இது அப்படி வரவில்லை. மண் குரக்கன் பிட்டு உதிர்வது போல உதிர்ந்தது. வேரிடுக்கில் சாம்பல் கலந்த மண்ணிறத்தில் நீளமான புழு மூன்று, முரசுமோட்டையில் நான் கொத்தி எடுத்த அதே சாதி. நான் விட்டவை அல்ல, இந்த நிலத்தின் புழுக்கள்தான். ஒன்றின் கழுத்துப் பக்கம் தடித்த வெளிறிய வளையம் இருந்தது.

மீன்பெட்டியில் முட்டைக் கூடுகளும் கண்டேன். கடுகை விடப் பெரிது, இரண்டு முனையும் கூரான சின்னத் தேசிக்காய் மாதிரி, மஞ்சளும் மண்ணிறமும் கலந்த நிறம். ஒன்றை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தால் உள்ளே நூல் போல ஏதோ அசைந்தது. மகன் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்து மூடினோம்.

சீமெந்தில் உள்ள மற்றச் சாடிகளுக்குப் புழு விடவில்லை. ஐயா சொன்னபடி மீன்பெட்டி எருவை மட்டும் ஐந்துக்கு ஒன்று கலந்து, மேலே சருகு மூடிவிட்டேன். தண்ணீர் இப்போது ஓரத்தால் ஓடுவதில்லை. தேசிச் சாடியில் உள்ளவை மட்டும் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். சாடி பெரிது, மாமர நிழல் இருக்கிறது, நான் நாளுக்கு இரண்டு தரம் பார்க்கிறேன். பங்குனிச் சூடு தொடங்கினால் அவற்றையும் மீன்பெட்டிக்கு மாற்றிவிடுவேன்.


குளக்கட்டு | 6 டிசம்பர்

வாசித்துவிட்டு என் மனுசிக்கும் வாசித்துக் காட்டினேன். பிள்ளை, கத்தரி பிடுங்கின வாளிக்குள் உடனே வேறு கத்தரி வைக்கவேண்டாம், பயற்றை போடும். மகனை மழை விட்ட பிறகு ஒருநாள் அக்கராயனுக்குக் கூட்டிவாரும். வயல் வரம்பில் அவற்றின் எச்சக் குவியலைக் காட்டவேணும்.


நந்திக்கடல் | 7 டிசம்பர்

அக்கா, மீன்பெட்டியில் மேலதிகமாக இருந்தால் எனக்கும் கொஞ்சம் தரமுடியுமா? போன வருடம் விளம்பரம் பார்த்து ஒருவரிடம் காசு அனுப்பி வாங்கினேன், பொலித்தீனில் கட்டி அனுப்பியிருந்தார், வந்து சேரும்போது எல்லாம் அழுகிவிட்டன. தும்புத்தூள் கழுவித் தயாராக வைத்திருக்கிறேன். மழைத் தண்ணீரும் மூன்று பரல் இருக்கிறது.


பரந்தன் மல்லிகை | 7 டிசம்பர்

தாராளமாக. தம்பி அனுப்பின அதே ஐஸ்கிறீம் டப்பா இன்னும் இருக்கிறது, மூடியில் ஊசியால் துளை போட்டு ஈரத் தும்போடு தருகிறேன், கூடுகளும் ஒரு பிடி சேர்த்து. வெள்ளிக்கிழமை விடியற்காலை முல்லைத்தீவு பஸ்சில் கொடுத்துவிடவா? வெயில் ஏற முதல் வந்து சேர்ந்துவிடும்.